பாட்டில்லாமல் எரிந்த பல்பு

வெள்ளானூரில் அந்தக் கல்யாண மண்டபத்தை அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தார்கள். சுவர்களில் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. மதியமே நாங்கள் வண்டியிலிருந்து சாமான்களை இறக்கிவிட்டோம். நாங்கள் என்றால் நானும் என் தொழில் கூட்டாளியும். அவர் பூந்தமல்லிக்காரர். எல்லோருக்கும் அவர் பாய், எனக்கு அண்ணன். காட்டுப்பாக்கத்தில் எங்கள் இருவருக்கும் சேர்ந்து ஒரு சின்னக் கடை இருக்கிறது. கல்யாணம், கோயில் விழா, கம்பெனி ஆண்டு விழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் சவுண்டு சிஸ்டத்தைக் கொண்டுபோய்க் கட்டி, முடியும்வரை கூடவே இருந்து, கழற்றிக்கொண்டு வருவோம். இந்தத் தொழிலில் பெண்கள் குறைவு. மிக்ஸருக்குப் பின்னால் புடவையில் ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாலும் விசேஷக்காரர்கள் முதலில் அண்ணனிடம்தான் போய் நிற்பார்கள். அவர் என் பக்கம் கையைக் காட்டிவிட்டு ஒயர் சுருட்டப் போய்விடுவார்.

எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் கீழே பெரிய வட்டமும் மேலே கொம்பு மாதிரி வாய் விரிந்த ட்வீட்டரும் இருக்கும். கீச்சென்ற மெல்லிய சத்தங்களை எல்லாம் பாடுவது அந்த ட்வீட்டர்தான். அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் தலைமுடியைப் போல மெலிசு. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் சூடேறிக் கருகிவிடும். அதைக் காப்பாற்ற அண்ணன் எல்லாப் பெட்டிகளிலும் ட்வீட்டருக்குப் போகும் வழியில் ஒரு பல்பு வைத்திருந்தார். காரின் பின்பக்கத்தில் சிவப்புக் கண்ணாடிக்குள் இருக்குமே, அதே பல்பு. மின்சாரம் அதிகமானால் பல்பு எரிந்து, சூட்டில் பாதியைத் தான் வாங்கிக்கொள்ளும். பெட்டியின் அடியில் காற்றுக்காக விட்ட துளை வழியாக அந்த வெளிச்சம் தெரியும். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது ஒரு மினுக்கு, உடனே இருட்டு. அதைப் பார்த்தால் சத்தத்தைக் கொஞ்சம் இறக்குவோம். எங்களைப் பொறுத்தவரை வெளிச்சம் என்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம். அன்றைக்கு வரை அப்படித்தான்.

அன்று முகூர்த்தத்துக்கு முந்தின மாலை வரவேற்பு. மாப்பிள்ளை வீடு வெள்ளானூரிலேயே தலைமுறைகளாக விவசாயம் பார்த்த குடும்பம். அவர் பதினெட்டு வயதிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் வேலை பார்ப்பவர். பெண் வானகரம். அவரைவிடப் பத்து வயதாவது சின்னவள் என்று தோன்றியது. மேடையில் இருவர் நாற்காலிகளுக்கும் பின்னால் சுவர் அளவுக்கு ஓர் எல்ஈடி திரை. அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் எடுத்துக்கொண்ட வீடியோ ஓடும்போது அவர்களுக்கும் சத்தம் கேட்க வேண்டும் என்று சொல்லி, தங்கள் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை மேடையோரத்தில் இருந்த எங்கள் ஆம்ப்ளிஃபையரில் செருகிக்கொண்டார்கள். அந்த ஆம்ப்ளிஃபையர் ஒரே ஒரு ஸ்பீக்கரை ஓட்டிக்கொண்டிருந்தது. அது பெண்ணின் நாற்காலிக்குப் பக்கவாட்டில், அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்தது.

திரையைப் போட்ட நேரத்தில், மேடைக்கு முன்னால் குளிர்ந்த தரையில் படுத்திருந்த ஒரு தெருநாய் திடுக்கென்று எழுந்தது. அதை யாரும் விரட்டவில்லை. தலையை ஒருமுறை உதறிவிட்டு, பந்திக்குச் சமைக்கும் வாசனையைக்கூடப் பொருட்படுத்தாமல் வெளியே நடந்து போனது.

இருட்டத் தொடங்கியதும் அண்ணன் மஃரிப் தொழுகைக்குப் போனார். அந்த நேரத்தில்தான் பெண்ணை மேடைக்கு அழைத்து வந்தார்கள். உட்கார்ந்த சிறிது நேரத்துக்கெல்லாம் அவள் இடது கையைத் தூக்கிக் காதோரம் வைத்துக்கொண்டாள். ஜிமிக்கி கனக்கிறது போல என்று நினைத்தேன். அவளுடைய அம்மா மேடையேறி அந்தக் கையை மெதுவாக இறக்கிவிட்டுப் போனார். கை மறுபடியும் ஏறியது.

முதல் குழந்தையை யாரோ உறவினர் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தை, கீழே சிரித்துக்கொண்டிருந்தது. பெண்ணின் மடியில் வைத்துப் படம் எடுக்கப் போனபோது உடம்பை வில்லாக வளைத்து வீறிட்டது. தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் அடங்கிவிட்டது. கூட்டத்தையும் வெளிச்சத்தையும் பார்த்து மிரண்டிருக்கும் என்று எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து ஒரு குழந்தை வந்தது, அதுவும் அப்படியே. பிறகு பாவாடை சட்டை போட்ட ஒரு சிறுமி, பெண்ணுக்கு ரோஜாப்பூ கொடுக்க ஓடி வந்தவள், நாற்காலிக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றுவிட்டாள். இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு பெண்ணையே பார்த்தாள். பூவைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பி ஓடினாள்.

அதற்குப் பிறகு சிரிப்பு இல்லை. மண்டபத்தில் பேச்சு தணிந்து, முன் வரிசைகளில் தலைகள் ஒன்றோடொன்று சாய்ந்தன. மாப்பிள்ளையின் அத்தை, கம்பீரமான, எல்லோரும் வழிவிட்டு ஒதுங்குகிற மனுஷி, மேடைக்கு வந்து பெண்ணிடம் குனிந்து என்ன என்று கேட்டார். நான் மேடையோரத்தில்தான் இருந்தேன். பெண் சொன்னது எனக்குக் கேட்டது.

“ஊசியால காதுக்குள்ள குத்துற மாதிரி ஒரு சத்தம் வருது அத்தை. நிக்கவே மாட்டேங்குது.”

அத்தை நிமிர்ந்து காது கொடுத்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். அவர் உதட்டைப் பிதுக்கினார். அத்தை என் பக்கம் திரும்பி, உங்க ஸ்பீக்கரில் ஏதாவது சத்தம் வருகிறதா என்று கேட்டார். நான் எழுந்து போய் அந்தப் பெட்டியின் வாயருகே காதை வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. பாட்டு இன்னும் ஆரம்பிக்கவில்லை. வீடியோவும் சத்தமில்லாமல்தான் ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சல்கூட இல்லாத சுத்தமான அமைதி. எதுவும் வரவில்லை என்று சொன்னேன். தொழில் தெரிந்தவள் சொன்ன பதில். அது அந்தப் பெண்ணுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்பதை அத்தையின் முகத்தைப் பார்த்த பிறகுதான் உணர்ந்தேன்.

“பச்சப் புள்ளைங்க கண்ணுக்குத் தெரியாம பூடுமா?” என்று அவர் யாரிடமும் சொல்லாததைப் போலச் சொன்னார். பெண்ணை அறைக்கு அழைத்துப் போகச் சொன்னார். கீழே யாரோ ஒரு பெரியவர் திருநீறு கேட்டு ஆள் அனுப்பினார். பெண்ணின் அம்மா அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டு மகளின் தோளைப் பிடித்துக் கூட்டிப்போனார். காத்து கருப்பு என்கிற வார்த்தை வரிசை வரிசையாகப் பின்னால் நகர்வதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், கேட்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

அண்ணன் திரும்பி வந்தபோது மேடையில் காலி நாற்காலிகளும் நானும்தான். மாப்பிள்ளைகூடக் கீழே இறங்கி ஓரமாக நின்றிருந்தார். அண்ணன் வழக்கம்போல ஸ்பீக்கர்களை ஒரு சுற்றுப் பார்த்துக்கொண்டே வந்து அந்தப் பெட்டிக்கு எதிரில் நின்றார்.

“இன்னா தங்கச்சி இது? பாட்டே இல்ல, பல்பு எரியுது?”

குனிந்து பார்த்தேன். பெட்டியின் அடித்துளைக்குள் வெளிச்சம் இருந்தது. மினுக்கு இல்லை. ஆடாமல் அசையாமல், அகல் விளக்கின் நிறத்தில், உள்ளே யாரோ ஏற்றி வைத்துவிட்டுப் போனதுபோல எரிந்துகொண்டிருந்தது. சற்றுமுன் நான் காதை வைத்துக் கேட்ட அதே பெட்டி. மேடை விளக்குகளின் வெளிச்சத்தில் என் கண்ணுக்கு அது பட்டிருக்கவில்லை. ட்வீட்டரின் பின்பக்கத்தைத் தொட்டேன், சூடு. ஒரு சத்தமும் இல்லாமல் அது எதையோ முழு மூச்சாகப் பாடிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஸ்பீக்கர்கள் கருகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பார்த்து ஒருபோதும் பயந்ததில்லை. அன்று கையை இழுத்துக்கொண்டேன்.

அண்ணன் ஒவ்வொரு கேபிளாகத் தொட்டுக்கொண்டே போய், எல்ஈடி ஆட்கள் செருகியிருந்ததைப் பிடுங்கினார். வெளிச்சம் அணைந்தது. மறுபடி செருகினார், எரிந்தது. கேபிளைக் கையில் எடுத்து உருவிப் பார்த்தார். திரையின் பவர் பெட்டிகளுக்கு நடுவே நெரிந்து, வெளி மின்சாரம் உள்ளே புகாமல் இருக்க மேலே போர்த்தியிருந்த வலைக்கம்பி ஓரிடத்தில் அறுந்திருந்தது. அந்த வழியாகத் திரையின் மின்சார ஓலம் உள்ளே நுழைந்து, ஆம்ப்ளிஃபையரில் பெருகி, ஸ்பீக்கர் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. அது மனிதக் காது எட்டுகிற எல்லையின் உச்சியில் இருந்தது. வயது ஏற ஏற அந்த உச்சி நமக்குக் கேட்காமல் போய்விடும். நானும் அண்ணனும் நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் ஸ்பீக்கர்களுக்கு நடுவிலேயே வாழ்ந்தவர்கள். அத்தனை உச்சத்தில் சத்தம் டார்ச் வெளிச்சம் மாதிரி நேர்கோட்டில் போகும்; பக்கத்தில் சிதறாது. அந்தக் கோட்டில் இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். பாதுகாப்புக்காக நாங்கள் வைத்திருந்த லிமிட்டரும் இதைத் தடுக்கவில்லை. திடீரென்று விழும் பெரிய அடியைத்தான் அது தடுக்கும். மெல்லிய தீயில் வேக வைப்பதுபோல நிதானமாக வருவது அதற்குத் தெரியாது.

அறைக்குள் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்கத் திருநீறு. நான் அவள் அம்மாவிடம் விவரத்தைச் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்தபிறகு பெண், “அப்ப நெஜமாவே சத்தம் இருந்துச்சாக்கா?” என்று மட்டும் கேட்டாள். இருந்தது என்றேன். அவள் மூச்சை நீளமாக விட்டாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அவளே தன்னைச் சந்தேகிக்க ஆரம்பித்திருக்கிறாள்.

வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது என்று தெரிந்தது. பெரியவர்களைக் கூப்பிட்டு மேடையில் நிறுத்தினோம். பெண்ணை அதே நாற்காலியில் உட்காரவைத்து, அவள் தலையைத் திருப்பினாலும் பெட்டியின் துளையோ கேபிளோ தெரியாதபடி நடுவில் ஒரு பெரிய பூங்கொத்து ஸ்டாண்டை வைத்தேன். சத்தம் கேட்டால் கையைத் தூக்கு, நின்றால் இறக்கு என்று சொன்னேன். அண்ணன் பின்னால் நின்று கேபிளைச் செருகினார். பல்பு எரிந்தது. பெண்ணின் கை எழுந்தது. பிடுங்கினார்; பல்பு அணைந்தது, கை இறங்கியது. வேண்டுமென்றே வெகுநேரம் காத்திருந்து செருகினார். கை எழுந்தது.

நான் நினைத்தது நடக்கவில்லை. கூடியிருந்தவர்களின் கண்ணில் நிம்மதி வருவதற்குப் பதிலாகப் பயம் கூடியது. சற்று விலகி அவர்கள் நின்ற இடத்தில் நின்று பார்த்தபோது எனக்கே காரணம் புரிந்தது. மண்டபம் நிசப்தமாக இருக்கிறது. கறுப்புப் பெட்டிக்குள் ஒரு விளக்கு தானாக எரிகிறது. அதைப் பார்க்காமலே, நெற்றி நிறையத் திருநீறோடு ஒரு பெண் கையைத் தூக்குகிறாள். விளக்கு அணைகிறது. அவள் கை விழுகிறது. திருநீறு கேட்ட பெரியவர் இரண்டு அடி பின்னால் போனார். அத்தை மாப்பிள்ளையின் முழங்கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அப்போது மாப்பிள்ளையின் தங்கை கூட்டத்திலிருந்து வந்தாள். ஆவடியில் கல்லூரி படிக்கிற பெண். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. பெண்ணை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் தான் உட்கார்ந்தாள். அத்தை வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கேபிளைச் செருகிவிட்டார். தங்கை தலையை வெடுக்கென்று ஒதுக்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

“ப்பா, காது கிழிஞ்சிரும் போலருக்கு. அண்ணி எப்படி இவ்ளோ நேரம் குந்திகினு இருந்தாங்க?”

அது போதுமாக இருந்தது. அதற்குப் பிறகு இளவட்டங்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து பார்த்தார்கள், காதைப் பொத்தினார்கள், சிரித்தார்கள். முன்பே வாழ்த்துச் சொல்ல மேடையேறியிருந்த பெண்ணின் தோழிகள், தங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டது, மைக் கோளாறு என்று நினைத்து இறங்கிவிட்டோம் என்று இப்போது சொன்னார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார்கள். ஏறக்குறைய ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது.

கடைசியாக மாப்பிள்ளை உட்கார்ந்தார். அண்ணன் கேபிளைச் செருகினார். மாப்பிள்ளை முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. இன்னும் போடவில்லையா என்று கேட்டார். பல்பு எரிந்துகொண்டிருப்பதைத் தங்கை காட்டினாள். அவர் எழுந்து ஸ்பீக்கரின் வாய்க்குள்ளேயே காதை நுழைப்பதுபோல் குனிந்தார். அவரைவிடப் பெரியவரான அவருடைய சித்தப்பா, வயலில் வேலை செய்பவர், கொஞ்சம் ஏதோ கீச்சிடுகிறது என்று சற்றுமுன் சொல்லியிருந்தார். மாப்பிள்ளைக்கு அதுகூட இல்லை.

“எனக்கு ஒண்ணுமே கேக்கலியே,” என்றார் மெதுவாக. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அவர் தன் மனைவியாகப் போகிறவளைப் பார்த்தார். அவள் பெட்டிக்கு நேராகச் சற்றுத் தள்ளி நின்றிருந்தாலும் வலியில் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். அண்ணன் கேபிளைப் பிடுங்கி, அதைச் சுருட்டித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வரவேற்பு பிறகு நன்றாகவே நடந்தது. அத்தை யாரிடமும் மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. ஆனால் முதலில் அழுத கைக்குழந்தையைத் தானே வாங்கிக்கொண்டுவந்து பெண்ணின் மடியில் வைத்தார். அது ஜரிகையைப் பிடித்து இழுத்து வாயில் வைத்துக்கொள்ளும் வரை பக்கத்திலேயே நின்றார். படம் எடுத்த பிறகும் தூக்கவில்லை. பெண்ணின் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து கடைக்கு வந்ததும் அண்ணன் அந்த ட்வீட்டரைத் திறந்து பார்த்தார். சுருளின் மேல் பூச்சு பழுப்பாக மாறி, தொட்டால் உதிர்ந்தது. பல்பின் கண்ணாடி உட்புறம் கறுத்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் ட்வீட்டர் சத்தமில்லாமல் செத்திருக்கும். பாட்டு போடும்போதுதான் எங்களுக்குத் தெரிந்திருக்கும். ஓலமும் அதோடு நின்றிருக்கும். பெண்ணைத் திரும்பவும் மேடையில் உட்காரவைத்திருந்தால் அவளுக்கு ஒன்றும் கேட்டிருக்காது. திருநீற்றால்தான் போயிற்று என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அவளும் ஆயுசுக்கும் அதை நம்பியிருப்பாள். இதை நான் அண்ணனிடம் சொன்னபோது அவர் கறுத்த பல்பைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு எல்லா ஆம்ப்ளிஃபையர்களுக்கு முன்னாலும் அந்த உச்சச் சத்தங்களை வெட்டிவிடும் ஃபில்டர் போட்டோம். நிதானமாகச் சூடேறுவதையும் கவனிக்கிற லிமிட்டர் வாங்கினோம்.

சில மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இருவரும் பைக்கில் எங்கள் கடைக்கு வந்தார்கள். பெண்ணின் முகத்தில் சதை பிடித்திருந்தது. மாப்பிள்ளை சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். தனக்கு எதுவரைக்கும் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முறை என்றேன். போகிறேன், ஆனால் முதலில் இங்கே, இவள் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

இருவரையும் ஒரு நல்ல ஸ்பீக்கருக்கு எதிரில் உட்காரவைத்து, கீழிருந்து மேலே ஒரே ஒரு சத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். கேட்கும்வரை விரலைத் தூக்கி வைத்திருக்க வேண்டும். ஒலி சங்கைப்போல இருந்து, விசிலாகி, கொசுவாகி மெலிந்தது. நான் எதிர்பார்த்ததற்கு முன்பே மாப்பிள்ளையின் விரல் இறங்கிவிட்டது. சற்று மேலே போனதும் எனக்கும் இல்லாமல் போனது. அண்ணனும் கேட்கவில்லை என்று தலையாட்டிவிட்டார். அந்தப் பெண்ணின் விரல் மட்டும் உயர்ந்தே இருந்தது. எங்கள் மூன்று பேருக்கும் கடை அமைதியாக இருந்தது. வெளியே போரூர் சாலையில் போகும் பஸ்ஸின் ஹாரன் மட்டும் கேட்டது. மாப்பிள்ளை அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார், தனக்குக் கதவடைத்த ஒரு வீட்டுக்குள் அவள் நடமாடுவதைப் பார்ப்பதுபோல.

“நாளையிலேர்ந்து மெஷின்ல காதடைப்பு போட்டுகினுதான் குந்துவேன்,” என்று அவளிடம் சொன்னார்.

நான் எல்லாவற்றையும் நிறுத்தினேன். அவள் விரல் இறங்கவில்லை. நிறுத்திவிட்டேன் என்று சொன்னேன்.

“இல்லக்கா, ஒண்ணு இன்னும் கேட்டுக்கினே கீது,” என்றாள். கையைத் திருப்பி மூலையில் இருந்த அலமாரியைக் காட்டினாள். பழுதான ட்வீட்டர்களைக் கழற்றி அடுக்கி வைத்திருக்கும் அலமாரி அது. எதற்கும் ஒயர் கிடையாது. அண்ணன் எழுந்துபோய் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்தார். மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. இன்வெர்ட்டர், சார்ஜர், எல்லாம் நின்றன. பக்கத்துக் கடை பல மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, விரலை இறக்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு விரல் மெதுவாக மடங்கியது.

“போயிடுச்சு,” என்றாள். ஓர் ஆள் எழுந்து வெளியே போனதைச் சொல்வது மாதிரி இருந்தது.

அண்ணன் மெயினைப் போட்டார். இப்போது கேட்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். டீ வாங்கி வரச் சொல்லிக் குடித்தோம். அவளுடைய மாமியார் வீட்டில் புதிதாக மாடி எடுப்பதைப் பற்றிப் பேசிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் அவர்கள் கிளம்பினார்கள். இன்வெர்ட்டரில் தேங்கியிருந்த மின்சாரம் வடிய நேரம் எடுத்திருக்கும், அதன் சத்தமாக இருக்கலாம் என்று நான் அண்ணனிடம் சொன்னேன். இருக்கும் என்றார். அன்று மதியம் நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவர் அலமாரியின் முன்னால் நின்று, அதிலிருந்த ட்வீட்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, வாய் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மேல் தட்டு அவருக்கு எட்டவில்லை. ஸ்டூலை எடுத்துக் கொடுத்தேன்.